கியர்பாக்ஸ் ஆயில் கசிந்தால் ஹெலிகாப்டரைப் பத்திரமாக இறக்குவது: மேலே இருப்பவர்களுக்கும் தோட்டத்துத் திடலில் இருப்பவர்களுக்கும்

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கம் ஹெலிகாப்டர் சத்தம் யாருக்கும் புதிதில்லை. மக்கோத்தா முகாமில் தரைப்படையின் வான்பிரிவு இருக்கிறது. அது போக, மின்கம்பித் தடம் பார்க்கும் ஹெலிகாப்டர்கள் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மேலே தாழப் பறந்து, சில நேரம் தோட்டத்துத் திடலிலேயே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகும். இந்த வேலைக்குத் தரைக்குழுவில் சேரும் நம் பிள்ளைகள், பைலட் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி பார்க்கும் உதவியாளர்கள், திடலைத் திறந்துவிடும் தோட்ட ஊழியர்கள், மூன்று பேருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நான் டெக்னீஷியன், பைலட் இல்லை. ஓட்டும் விஷயத்தில் அந்தந்த மாடலின் பறப்புக் கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனால் கையேட்டைப் படித்தவர்களும் தடுமாறுவது வரிசையில்தான். எதை முதலில் செய்வது, எதைத் தரைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்வது என்பது மனதில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும்.

1. முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: ஆயில் போனால் என்ன போகிறது

இஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது, தலைக்கு மேலே இருக்கும் ரோட்டர் சில நூறு சுற்றுதான். நடுவில் வேகத்தைக் குறைத்து, வலுவைக் கூட்டிக் கொடுப்பது மெயின் கியர்பாக்ஸ். டெயில் ரோட்டருக்குப் போகும் ஷாஃப்டும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. உள்ளே இருக்கும் ஆயில் பல்லோடு பல் நேராக உரசாமல் பார்த்துக்கொள்கிறது, சூட்டையும் வாங்கிக்கொண்டு கூலருக்குப் போகிறது.

இஞ்சின் நின்றுபோனால் பைலட்டுக்கு ஒரு வழி உண்டு. ஃப்ரீவீல் இஞ்சினைத் தானாகக் கழற்றிவிடும், ரோட்டர் காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆட்டோரொட்டேஷனில் இறங்கிவிடலாம். கியர்பாக்ஸ் இறுகிப்போனால் அந்த வழியும் அடைபட்டுவிடும், ஏனென்றால் ஃப்ரீவீல் இருப்பது இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில். சிக்கிக்கொள்வது ரோட்டர் இருக்கும் பக்கம். இதனால்தான் ஆயில் போன ஹெலிகாப்டரை, அது இன்னும் ஒழுங்காகப் பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கிவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இந்த வழிகாட்டியில் மற்ற எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

2. பறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

வேண்டிய சாமான்கள்: டார்ச், பஞ்சு உதிராத சுத்தமான துணி, அந்த மாடலின் சோதனைப் பட்டியல், சமமான தரை. கடைசியாகச் சொன்னதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. திடலின் சரிவான மூலையில் நிற்கும் ஹெலிகாப்டரில் சைட் கிளாஸ் (ஆயில் மட்டம் பார்க்கும் சின்னக் கண்ணாடி) காட்டும் அளவு உண்மையான அளவாக இருக்காது.

சைட் கிளாஸில் கோடு தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பழைய கண்ணாடியில் ஆயில் கறை வளையமாகப் படிந்து, உள்ளே ஆயில் இருக்கிற மாதிரியே தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள், முடிந்தால் இன்னொருவரை டெயில் பக்கம் லேசாக ஆட்டச் சொல்லுங்கள். உள்ளே அலை அசைந்தால் ஆயில், அசையாவிட்டால் கறையாக இருக்கலாம். மெயின் கியர்பாக்ஸோடு நின்றுவிடாமல் டெயில் கியர்பாக்ஸையும், இருந்தால் நடு கியர்பாக்ஸையும் பாருங்கள்.

கசிவைக் கண்டால் துடைத்துவிட்டுக் கிளம்புவது பெரிய தப்பு. துடைக்கத்தான் வேண்டும், ஆனால் துடைப்பதற்கு முன் எங்கே, எவ்வளவு என்று எழுதி வையுங்கள், டெக்னீஷியனிடம் காட்டுங்கள், கையேட்டு வரம்புக்குள் இருக்கிறதா என்று அவர் சொல்லட்டும். சுத்தமான பரப்பில்தான் அடுத்த கசிவு புதிதா பழையதா என்று தெரியும்.

ஃபில்டர் இருக்கும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் 2009 மார்ச் 12 அன்று எஸ்-92 ரக ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்து, இருந்த 18 பேரில் 17 பேர் இறந்தார்கள். கியர்பாக்ஸில் ஆயில் ஃபில்டர் கிண்ணத்தைப் பிடித்திருந்த டைட்டானியம் ஸ்டட்கள் (தலையில்லாத போல்ட்கள்) உடைந்து ஆயில் வெளியேறியதில்தான் எல்லாம் தொடங்கியது. ஃபில்டரை மாற்றி மாற்றி ஸ்டட்டின் மரை தேய்ந்து, பழைய நட்டையே திரும்பப் போட்டதால் சரியான இறுக்கம் கிடைக்காமல் போனது என்று விசாரணையில் தெரிந்தது. நட் சரியாக ஏறவில்லை, கை வழக்கத்தைவிடக் கனமாக உணர்கிறது என்றால் அழுத்தி முறுக்கி முடித்துவிடாதீர்கள். நிறுத்திவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

3. கிளம்பும் முன் இரண்டு நிமிடம் பேசுங்கள்

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் காரணம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் யார் என்ன செய்வது என்று தரையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: பைலட் ஓட்டுவார், உதவியாளர் வெளியே பார்த்து இடம் சொல்வார், பின்னால் இருப்பவர் வாயைத் திறக்காமல் பெல்ட்டை இறுக்குவார். பறக்கப்போகும் பாதையில் இருக்கும் திடல்களைப் பேர் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளித் திடல், தோட்ட ஆபீஸ் முன்னால் இருக்கும் வெளி, பழைய பந்து விளையாடும் இடம் என்று அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்தது வரைபடத்தில் இருக்காது. உதவியாளருக்கு உள்ளூர்ப் பிள்ளையை எடுப்பதில் எனக்கு விருப்பம் அதிகம் என்றால் இதனால்தான்.

4. அறிகுறிகளைப் படிக்கும் வரிசை

முதலில் ப்ரெஷர். ஆயில் வெளியேறும்போது பெரும்பாலும் முதலில் விழுவது அதுதான், எச்சரிக்கை விளக்கும் அதற்குத்தான் எரியும். உடனே இரண்டாவது சாட்சி தேடுங்கள்: டெம்பரேச்சர், சிப் விளக்கு, புதுச் சத்தம், காலடியில் அதிர்வு, கருகின வாடை, ஜன்னலில் ஆயில் கோடு, ஹெலிகாப்டர் தானாகப் பக்கவாட்டில் வெட்டுவது. சிப் விளக்கு என்பது ஆயிலில் மிதக்கும் இரும்புத் துகளை ஒரு காந்தம் பிடித்துவிட்டது என்ற செய்தி, அதாவது உள்ளே ஏதோ தேய்கிறது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஆயில் போனால் டெம்பரேச்சர் ஏற வேண்டும், ஏறவில்லையே, அப்படியென்றால் ப்ரெஷர் சென்ஸார்தான் கெட்டுவிட்டது என்று மனம் கணக்குப் போடும். தப்பு. டெம்பரேச்சர் சென்ஸார் அளப்பது ஆயிலின் சூட்டை. ஆயிலே இல்லாத இடத்தில் அது வெறும் காற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும், காய்ச்சல்காரன் வாயில் வைக்காமல் வெளியே பிடித்த தெர்மாமீட்டர் மாதிரி. முள் அப்படியே நிற்கலாம், இறங்கக்கூடச் செய்யலாம். மேலே சொன்ன எஸ்-92 விபத்தில் விமானிகள் டெம்பரேச்சர் ஏறும் என்று எதிர்பார்த்து, அதையே இரண்டாவது சாட்சியாக நம்பியதால் நிலைமையைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியிருக்கிறது. ப்ரெஷர் அடிமட்டத்துக்கு விழுந்து டெம்பரேச்சர் அமைதியாக இருந்தால், கவலை கூட வேண்டிய நேரம் அது.

உதவியாளருக்கு ஒரு வார்த்தை. சந்தேகமாக எதையாவது பார்த்தால், "கேப்டன் ஏற்கெனவே பார்த்திருப்பார்" என்று சும்மா இருக்காதீர்கள். மலாயோ ஆங்கிலமோ எதில் சொன்னாலும் சரி, எங்கே, என்ன, எப்போதிலிருந்து என்ற மூன்றையும் சொல்லுங்கள். "கேப்டன், வலது ஜன்னலில் ஆயில் வழியுது, இப்பதான் ஆரம்பிச்சது" என்றால் போதும். காரணத்தை நீங்கள் ஊகித்துச் சொல்ல வேண்டாம், ஊகம் பைலட்டின் கவனத்தை வேறு பக்கம் இழுத்துவிடும்.

5. எவ்வளவு சீக்கிரம் இறங்குவது

கையேடுகளில் மூன்று படி இருக்கும். முதல் படி, உடனே இறங்கு: கீழே மரமோ தண்ணீரோ எதுவாக இருந்தாலும் தொடர்ந்து பறப்பது அதைவிட ஆபத்து. இரண்டாவது, முடிந்தவரை சீக்கிரம் இறங்கு: பத்திரமாக இறங்கக்கூடிய முதல் இடத்தில். மூன்றாவது, வசதி பார்த்து இறங்கு: பழுது பார்க்கக்கூடிய பக்கத்து விமான நிலையம் வரை போகலாம். ப்ரெஷர் விளக்கு மட்டும் எரிந்தால் ஒரு படி, அதோடு இன்னொரு அறிகுறியும் சேர்ந்தால் அதைவிடக் கடுமையான படி என்று பல கையேடுகள் பிரித்திருக்கும். உங்கள் மாடலுக்கு எது என்பதைத் தரையில் இருக்கும்போதே படித்துவிடுங்கள்.

இப்போது பலரும் சொல்லும் 30 நிமிடக் கதை. பெரிய ஹெலிகாப்டர்களுக்கான சான்றிதழ் விதிகளில், ஆயில் ப்ரெஷர் போன பிறகும் கியர்பாக்ஸ் 30 நிமிடம் தாங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. இது எல்லோர் மனதிலும் ஒரு வாக்குறுதி மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதே விதியில், அப்படி ஆயில் போவது மிக மிக அரிது என்று காட்டினால் விலக்கு வாங்க இடம் இருந்தது, எஸ்-92 அந்த வழியில்தான் சான்றிதழ் வாங்கியது. அன்று கடலுக்கு மேலே ப்ரெஷர் விழுந்து சுமார் 11 நிமிடத்தில் டெயில் ரோட்டரை ஓட்டும் கியர் போய்விட்டது. உங்கள் ஹெலிகாப்டருக்கு கையேடு ஒரு நேரத்தைச் சொல்லியிருந்தால், அது இடம் தேட உதவும் நேரம். வீட்டுக்குப் போக அதைச் செலவழிக்காதீர்கள்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். 2012 மே மாதமும் அக்டோபர் மாதமும் ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் இரண்டு இசி225 ஹெலிகாப்டர்கள் இறங்கின. இரண்டிலும் கியர்பாக்ஸுக்குள் ஒரு ஷாஃப்ட் விரிசல்விட்டு ஆயில் பம்ப் நின்றது, அவசரகால உயவு அமைப்பும் வேலை செய்யவில்லை என்று விளக்கு எரிந்தது. விமானிகள் கையேட்டின்படி உடனே, ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே தண்ணீரில் இறக்கினார்கள். ஒன்றில் 14 பேர், இன்னொன்றில் 19 பேர், எல்லோரும் பிழைத்தார்கள். அந்த இரண்டாவது விளக்கு பொய்யாக எரிந்தது என்று பின்னால் தெரிந்தது. தெரிந்தால் என்ன, அத்தனை உயிரும் வீடு போய்ச் சேர்ந்தது. விளக்கு பொய்யாக இருந்தால் செலவுதான், மெய்யாக இருந்தால் உயிர், அதனால் நான் பழக்கும் பிள்ளைகளிடம் இறங்கிய பைலட்டைக் கேள்வி கேட்கவே விடமாட்டேன்.

"இன்னும் பத்து நிமிடத்தில் பேஸ் வந்துவிடும்" என்ற வார்த்தை வாயில் வந்தால் அதை அபாய அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

6. இடம் பார்ப்பது: தோட்டத்தில் எது திடல், எது பொறி

பகலில் குறைந்தது 30 மீட்டருக்கு 30 மீட்டர் சுத்தமான வெளி என்று பொதுவாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். பள்ளித் திடல் நல்லது, கோல் கம்பத்தையும் பக்கத்து மின்கம்பத்தையும் கவனித்தால். தோட்ட ஆபீஸ் முன்வெளி பெரும்பாலும் குறுகல், கார் கொட்டகையின் தகரம் வேறு பறக்கும்.

செம்பனை வரிசைக்கு நடுவில் இறங்கலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் இடைவெளியில்தான் நடுகிறார்கள், ஒற்றை இஞ்சின் கொண்ட எச்125 என்ற சிறிய ஹெலிகாப்டருக்கே ரோட்டர் விட்டம் 10.69 மீட்டர். மட்டை நீட்டிக்கொண்டு நிற்பதையும் சேர்த்தால் அங்கே இடமே இல்லை. செம்மண் ரோடும் இரண்டு பக்கமும் மட்டை மூடியிருந்தால் அப்படித்தான்.

மறுநடவுக்கு வெட்டிய நிலம் மேலிருந்து பார்க்க அழகாகச் சமமாகத் தெரியும். உள்ளே படிக்கட்டு வெட்டு, வாய்க்கால், நறுக்கிக் குவித்த மரத்துண்டு எல்லாம் இருக்கும், மூடுபயிர் படர்ந்துவிட்டால் எதுவும் கண்ணில் படாது. வேறு வழியில்லை என்றால் அதன் நடுவே ஓடும் தோட்டப் பாதையோ லோரி திரும்பும் வெளியோ பார்க்கலாம்.

கம்பி மேலிருந்து தெரியாது. கம்பத்தைத் தேடுங்கள், கம்பத்திலிருந்து கம்பத்துக்குக் கண்ணால் கோடு போடுங்கள். செம்பனைக்கு நடுவில் நேராக ஒரு பட்டை மட்டும் மரமில்லாமல் இருந்தால் அதற்கு மேலே உயர்அழுத்தக் கம்பி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் அந்தப் பட்டைதான் திறந்த வெளியாகக் கண்ணை இழுக்கும்.

7. இறங்கும்போது

பைலட் வலுவைக் குறைப்பார், தாழ இறங்குவார், மிதமான வேகத்தில் போவார். வலு குறைந்தால் பற்களின் மேல் சுமை குறையும், சூடும் குறையும். தாழ இருப்பதற்குக் காரணம் எளிய கணக்கு: நிமிடத்துக்கு 1,000 அடி வீதம் இறங்கினால் 2,000 அடியிலிருந்து தரைக்கு 2 நிமிடம், 9,000 அடியிலிருந்து 9 நிமிடம். அந்த எஸ்-92 விளக்கு எரிந்தபோது 9,000 அடிக்குப் பக்கத்தில் இருந்தது.

திடலுக்கு மேலே நின்று நிதானமாக யோசிக்க முடியாது. அந்தரத்தில் நிற்பதற்குத்தான் வலு அதிகம் வேண்டும், நோய்ப்பட்ட கியர்பாக்ஸுக்கு அதைவிட மோசமான வேலை இல்லை. அதனால் காற்றுக்கு எதிராக, நேராகத் தரைக்கே வருவார்கள்.

மேடே என்ற ஆபத்து அழைப்பு பைலட்டின் வேலை, பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையில் யாரும் இல்லையென்றால் 121.5 மெகாஹெர்ட்ஸ், ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700. ஓட்டிய பிறகுதான் பேச்சு, இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பயணிகள் பெல்ட்டை இறுக்குங்கள், சட்டைப் பையில் இருக்கும் பேனா, சாவியை எடுத்து வையுங்கள், கதவுப் பிடி எங்கே என்று கையால் தொட்டு வைத்துக்கொள்ளுங்கள், காட்டிக்கொடுத்தபடி குனிந்து தயாராக இருங்கள். தரை தொட்டவுடன் கதவைத் திறந்து ஓடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. தீ இல்லையென்றால் ரோட்டர் முழுதாக நிற்கும்வரை உட்காருங்கள். வேகம் குறையும்போது பிளேடு முனை தாழ்ந்துவரும், ஒரு காற்று அடித்தால் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கும். தீ பிடித்து வெளியேற வேண்டி வந்தால் குனிந்து, முன்பக்கமாக, பைலட் கண்ணில் படும்படி. பின்பக்கம் எந்தக் காரணத்துக்கும் போகாதீர்கள், சுற்றும் டெயில் ரோட்டர் கண்ணுக்கே தெரியாது.

8. திடலில் இருப்பவர்களுக்கு

ஹெலிகாப்டர் வழக்கத்துக்கு மாறாகத் தாழ வந்து வட்டமடித்தால் அல்லது நேராகத் திடலைப் பார்த்து வந்தால், முதல் வேலை ஆளைக் கிளப்புவது. பிள்ளைகளைப் பள்ளிக் கட்டடத்துக்குள் அனுப்புங்கள், மாட்டை ஓட்டுங்கள், திடலில் நிறுத்திய மோட்டாரை நேரம் இருந்தால் மட்டும் எடுங்கள். உரச் சாக்கு, கொட்டகைத் துணி, குடை, தொப்பி எல்லாம் காற்றில் எழும்பி ரோட்டருக்குள் போகும், முகத்திலும் அடிக்கும்.

நல்ல மனதோடு செய்யும் தவறு ஒன்று இருக்கிறது: திடல் நடுவில் ஓடிப்போய்த் துண்டை ஆட்டி "இங்க வா" என்று கூப்பிடுவது. இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டுவதை, இறங்காதே என்று பைலட் எடுத்துக்கொள்ளலாம், அதோடு அவருக்கு இருந்த ஒரே இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். இடத்தை அவர் தேர்ந்துவிட்டார். ஓரத்துக்குப் போய்க் குனிந்து உட்காருங்கள். காற்றுத் திசை காட்ட நெருப்பு மூட்டவும் வேண்டாம்.

தோட்டத்து மண்டோரோ (கங்காணி) கிராணியோ (கணக்கர்) ஒருவர் 999-க்கு அடிக்கட்டும், ஒருவர் போதும். தோட்டத்தின் பேர், எந்த டிவிஷன், எந்தப் பெரிய ரோட்டிலிருந்து எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும், எத்தனை பேர் உள்ளே, புகை இருக்கிறதா இல்லையா. "செம்பனைத் தோட்டம், பெரிய திடல்" என்றால் பொம்பா (தீயணைப்பு) லோரி எங்கே தேடும்? இன்னொருவர் கேட் சாவியோடு வாசலில் நிற்கட்டும். தோட்டக் கேட் பூட்டியிருந்து வண்டி வெளியே காத்திருக்கும் அவலம் வேண்டவே வேண்டாம்.

ரோட்டர் நின்று, பைலட் கை காட்டிய பிறகு மட்டும் நெருங்குங்கள், முன்னாலிருந்து. சரிவான இடமென்றால் தாழ்வான பக்கத்திலிருந்து, மேட்டுப் பக்கம் பிளேடு தரைக்கு நெருக்கம். தீயணைப்பான் இருந்தால் காற்று முதுகில் படும்படி நின்று பயன்படுத்துங்கள். எரியும் ஆயில் மேல் தண்ணீர் வாளியை ஊற்றாதீர்கள், தீ பரவும்.

9. நின்ற பிறகு

சொட்டும் ஆயிலைத் தொடாதீர்கள், தோல் வெந்துபோகும் சூட்டில் இருக்கும். அடியில் ஒரு சுத்தமான பாத்திரம் வைப்பது நல்லது, ஆனால் பைலட்டைக் கேட்டு, சூடு தணிந்த பிறகு.

அடுத்த தவறு ஆயில் நிரப்பிப் பார்ப்பது. ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர் ஆயில் இருக்கிறதே, ஊற்றி ஸ்டார்ட் பண்ணினால் ப்ரெஷர் வருகிறதா பார்க்கலாம் என்று யாராவது உதவிக்கு வருவார்கள். ஹெலிகாப்டர் கியர்பாக்ஸுக்கு அந்த ஆயில் ஆகாது, அதைவிட முக்கியமாக, ஆயில் இல்லாமல் ஓடிய பல்லும் பேரிங்கும் வெளியே தெரியாமல் சேதப்பட்டிருக்கும். சரியான ஆயிலே ஊற்றி ப்ரெஷர் வந்தாலும், அதை வைத்து மறுபடி பறக்கலாம் என்று முடிவு செய்ய முடியாது. அங்கேயே நிறுத்தி, பராமரிப்புக் குழு வந்து பார்த்த பிறகுதான் எதுவும்.

அவசர இடங்காட்டிக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்ப ஆரம்பித்திருக்கலாம். எல்லோரும் பத்திரம் என்ற செய்தியை பைலட் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஹெலிகாப்டர் தேடிக் கிளம்பும்.

விபத்தாகவோ கடுமையான சம்பவமாகவோ கணக்கில் வந்தால் போக்குவரத்து அமைச்சின் கீழ் இருக்கும் விமான விபத்து விசாரணைப் பிரிவு வரும். அதுவரை எதையும் நகர்த்தக் கூடாது, ஆள் காயப்பட்டிருந்தால் அவரை எடுப்பதற்கு மட்டும் விலக்கு. கயிறு கட்டி இரண்டு பேரைக் காவல் வையுங்கள். சாயங்காலம் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க வருவார்கள், ஒரு போல்ட்டைக் கையில் எடுத்துப்போனால் அது காரணத்தைச் சொல்லும் போல்ட்டாக இருக்கலாம்.

உள்ளே இருந்த ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்கு முன், பார்த்ததை எழுதி வையுங்கள்: எந்த விளக்கு முதலில், முள் எங்கே நின்றது, சத்தம் எப்போது மாறியது, எத்தனை நிமிடம். பேசிய பிறகு எழுதினால் ஒருவர் சொன்னது எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும். அப்புறம் ஹெலிகாப்டரை லோரியில் ஏற்ற வருவார்கள், அதற்கு மழைக்கு முன்னால் அந்தச் செம்மண் பாதை எடை தாங்குமா என்று தோட்ட மேனேஜரிடம் அன்றைக்கே கேட்டு வைத்துவிடுங்கள்.